எல்லைத் தமிழரிடையே தன்பாலீர்ப்பினரும் வளர்ப்புக் குடும்பமும்: சமூகப்பணி ஆய்வு எங்கிருந்து தொடங்க வேண்டும்?

பெற்றோரிடம் வளர இயலாத குழந்தையைக் குறிப்பிட்ட காலத்துக்கு வேறொரு குடும்பத்தின் பொறுப்பில் விடும் முறைக்குக் கேரள அரசின் அலுவலக மலையாளத்தில் 'போற்றி வளர்த்தல்' என்று பெயர். வளர்ப்புத் தாய் 'போற்றம்மா'. மலையாளத்தில் போற்றுதல் என்றால் ஊட்டிக் காத்தல். தமிழில் அதே வினை இன்று புகழ்வதற்கும் வழிபடுவதற்குமாக ஒதுங்கிவிட்டது. பேணுதல், காத்தல் என்னும் பழம்பொருள் நூல்களில் மட்டும் தங்கியிருக்கிறது. ஆகவே பாலக்காட்டுச் சித்தூர் வட்டத்திலோ இடுக்கியின் தேவிகுளம் வட்டத்திலோ வாழும் ஒரு தமிழர், அரசு அலுவலகத்தில் இச்சொல்லைக் கேட்டால் ஒரு கணம் தயங்குவார். குழந்தையை ஏன் போற்றிப் பாட வேண்டும் என்று அவர் எண்ணினால் அது அவர் பிழையன்று.

இன்னொரு சொல்லின் கதை இதைவிடச் சுவையானது. தன்பாலீர்ப்பு உடையவரை மலையாள நாளிதழ்களும் ஆலோசகர்களும் நெடுங்காலமாக 'ஸ்வவர்க்கானுராகி' என்றே வழங்கி வந்துள்ளனர். மூணாறு, வண்டிப்பெரியாறு தோட்டங்களின் தமிழருக்கு 'வர்க்கம்' என்பது தொழிற்சங்க மேடையின் சொல். 2015 செப்டம்பரில் சங்கத் தலைவர்களையே ஒதுக்கி நிறுத்திவிட்டு மூணாற்றின் சாலையில் அமர்ந்த 'பெம்பிளை ஒருமை'ப் பெண்களில் பெரும்பாலோர் தமிழ்ப் பெண் தொழிலாளர்கள். அவர்களிடம் சென்று, 'தன் வர்க்கத்தின்மீது அன்பு கொண்டோர் இங்கு உண்டா?' என்று கேட்டால், 'நாங்கள் எல்லோருமே' என்ற மறுமொழி கிடைக்கக்கூடும்.

வேடிக்கையாகத் தோன்றினும் இது வேடிக்கையன்று. சமூகப்பணியின் முதற்கருவி நேர்காணல். நேர்காணலின் முதற்கருவி சொல். உதவி நாடி வருபவர் தம்மைப் பற்றிச் சொல்ல ஒரு சொல்லும், பணியாளர் அதைக் கேட்டுக் குறிக்க ஒரு சொல்லும் இருந்தாக வேண்டும். பாலக்காடு, இடுக்கி எல்லைப்பகுதித் தமிழரிடையே தன்பாலீர்ப்பினருக்கான சமூகப்பணி, வளர்ப்புக் குடும்பம் என்னும் இரண்டையும் ஒருசேர ஆய்வு செய்ய விரும்புவோர் இவ்விரு சொற்களிலேயே இடறி விழுவர். ஆய்வுலகில் வழக்கமாக நிகழ்வது என்னவெனில், ஆங்கிலத்தில் அமைந்த வினாப்பட்டியல் மலையாளமாகி, களத்தில் வாய்மொழியாகத் தமிழாகி, விடைகள் அதே வழியில் திரும்பிச் செல்லும். இரண்டு முறை வடிகட்டிய பின் எஞ்சுவதற்குத் 'தரவு' என்று பெயர்.

தமிழில் மட்டும் சொற்கள் ஒழுங்காக இருந்தனவா என்றால், இல்லை. 'ஓரினச்சேர்க்கை' என்பதுதான் அண்மைக்காலம்வரை செய்தித்தாள்களின் ஒரே சொல். 'சேர்க்கை' என்பதற்குத் தமிழில் நட்பு, பழக்கம் என்னும் பொருளும் உண்டு. 'சேர்க்கை சரியில்லை' என்று பிள்ளைகளைக் கண்டிக்கும் பெற்றோர் நட்பைத்தான் குறிக்கின்றனர். ஆயினும் 'ஓரின' என்னும் முன்னொட்டுடன் சேர்ந்ததும் அது உடற்செயலை மட்டும் சுட்டும் காவல்நிலையச் சொல்லாகிவிடுகிறது. ஒருவரது ஈர்ப்பையும் அன்பையும் வாழ்வையும் ஒரு செயலாகச் சுருக்குகிறது. 'தன்பாலீர்ப்பு', 'பால்புதுமையர்' போன்ற சொற்கள் இயக்கங்களின் நெடிய உழைப்பால் உருவானவை. அவற்றை அரசின் கவனத்துக்குக் கொண்டுவந்ததில் ஒரு வழக்குக்குப் பெரும்பங்கு உண்டு.

மதுரையைச் சேர்ந்த இரு இளம்பெண்கள் பெற்றோரின் எதிர்ப்பைத் தாங்காது சென்னைக்கு வந்து, தொண்டு அமைப்புகளின் துணையுடன் தங்கினர். ஊரில் காணவில்லைப் புகார்கள் பதிவாயின. காவலர் தேடி வந்தனர். அவர்கள் பாதுகாப்புக் கேட்டுச் சென்னை உயர்நீதிமன்றத்தை அணுகினர். நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ், இப்பொருளில் தமக்கு முன்முடிவுகள் இருந்ததை வெளிப்படையாக ஒப்புக்கொண்டு, ஓர் உளவியலாளரிடம் அமர்ந்து கற்றுக்கொண்ட பிறகே 2021 ஜூன் 7 அன்று ஆணை பிறப்பித்தார். தமக்குத் தெரியாததைத் தெரியாது என்று எழுதிய அந்தத் தீர்ப்பு, முறையியல் வகுப்புகளில் பாடமாக வைக்கத்தக்கது. அவ்வழக்கின் தொடர்ச்சியாகவே தமிழ்நாடு அரசு 2022இல் தமிழ்க் கலைச்சொற்பட்டியல் ஒன்றை அரசிதழில் வெளியிட்டது. காவலர் நடத்தை விதிகளில் 24சி என்னும் விதியும் அதே ஆண்டு சேர்ந்தது.

அச்சொற்பட்டியல் வாளையாற்றிலும் போடிமெட்டிலும் நின்றுவிடுகிறது என்பதுதான் இங்குப் பேச வேண்டிய செய்தி. தமிழ்நாட்டுக் காவலர் விதி தமிழ்நாட்டுக் காவலரை மட்டுமே கட்டும். கம்பத்தில் இருப்பவருக்குக் கிடைக்கும் சொல் குமுளியில் இருப்பவருக்குக் கிடைப்பதில்லை. இத்தனைக்கும் 1969ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிகள் சட்டம், மொழிச் சிறுபான்மைப் பகுதிகளில் வாழும் தமிழரும் கன்னடரும் அரசு அலுவலகங்களுக்குத் தம் மொழியிலேயே எழுதவும் அதே மொழியில் மறுமொழி பெறவும் உரிமை தருகிறது. நிலவரி பற்றியும் பட்டா பற்றியும் தமிழில் எழுதலாம். தன் வாழ்க்கை பற்றி எழுதத் தமிழ் அறிந்த ஆலோசகர் வேண்டுமே.

கேரளத்தில் இப்பொருள் பற்றிய கவனம் துன்பத்திலிருந்து பிறந்தது. 1990களின் இறுதியில் பெண்கள் இருவராக உயிர்நீத்த செய்திகள் மலையாள இதழ்களில் அடுத்தடுத்து வந்தன. பெரும்பாலும் எளிய குடும்பத்துப் பெண்கள். செய்திகள் அவர்களைத் 'தோழியர்' என்று மட்டும் குறித்துவிட்டு நகர்ந்தன. அச்செய்திகளைத் திரட்டி, ஊர் ஊராகச் சென்று விசாரித்து, அவற்றுக்குப் பின்னிருந்த உறவை அடையாளம் கண்டவர்களின் முயற்சியே 2002இல் 'சகயாத்திரிகா' என்னும் அமைப்பாக உருப்பெற்றது. பல்கலைக்கழகத்துக்கு வெளியே நிகழ்ந்த முதல்தரமான சமூகப்பணி ஆய்வு என அதைத் தயங்காமல் சொல்லலாம். இறந்தவரைப் பற்றிய செய்தியிலிருந்து தொடங்கி, வாழ்பவருக்கான உதவித் தொலைபேசிக்கு வந்து சேர்ந்த ஆய்வு அது.

ஆனால் அதன்பின் வந்த கல்விப்புல ஆய்வுகள் நகரத்தைவிட்டு அதிகம் நகரவில்லை. டாடா சமூக அறிவியல் நிறுவனத்தைச் சேர்ந்த கேத்கி ரானடேயின் 2018ஆம் ஆண்டு நூல், தன்பாலீர்ப்புடன் வளர்வதைப் பற்றி இந்தியாவில் எழுதப்பட்ட முக்கியமான நூல்களுள் ஒன்று. அதன் தலைப்பிலேயே 'நகர்ப்புற இந்தியா' இருக்கிறது. தன் எல்லையை நேர்மையாகச் சொல்லும் தலைப்பு. அந்த எல்லைக்கு வெளியே இருப்பவர்களைப் பற்றி எழுத வேண்டியது அடுத்து வருபவர்களின் கடமை. கொழிஞ்சாம்பாறையின் தென்னந்தோப்புகளும் மறையூரின் கரும்புத் தோட்டங்களும் தேவிகுளத்தின் தேயிலைச் சரிவுகளும் அந்த வெளியில் இருக்கின்றன.

நீதிமன்றங்கள் இந்த இடைக்காலத்தில் ஆய்வுலகைவிட வேகமாக நடந்துள்ளன. 2018 செப்டம்பர் 6 அன்று உச்சநீதிமன்றம் 377ஆம் பிரிவின் பிடியிலிருந்து மனமொத்த வயதுவந்தோரை விடுவித்தது. 2022 மே 31 அன்று கேரள உயர்நீதிமன்றம், பெற்றோர் பிரித்துவைத்த இரு பெண்களைச் சேர்ந்து வாழ அனுமதித்தது. 2024 மார்ச் 11 அன்று உச்சநீதிமன்றம் அளித்த தேவு ஜி. நாயர் வழக்கின் தீர்ப்பு இவற்றுள் சமூகப்பணியாளர் வரிவரியாகப் படிக்க வேண்டியது. கொல்லத்தைச் சேர்ந்த ஒருவர், தம் இணையைப் பெற்றோர் அடைத்துவைத்திருப்பதாக ஆட்கொணர்வு மனு தாக்கல் செய்தார். கேரள உயர்நீதிமன்றம் அப்பெண்ணை ஆலோசனைக்கு அனுப்ப ஆணையிட்டது. மேல்முறையீட்டில், தாம் விரும்பியே பெற்றோருடன் இருப்பதாக அப்பெண் தெரிவித்ததால் மனுதாரர் தோற்றார். ஆனால் உச்சநீதிமன்றம் அத்துடன் கோப்பை மூடவில்லை. இத்தகைய வழக்குகளில் ஒருவரது அடையாளத்தையோ விருப்பத்தையோ மாற்றும் நோக்கில் ஆலோசனைக்கு அனுப்பக் கூடாது என்றும், குடும்பம் என்பது பிறந்த குடும்பம் மட்டுமன்று, தேர்ந்தெடுத்த குடும்பத்தையும் உள்ளடக்கியது என்றும் எல்லா நீதிமன்றங்களுக்கும் வழிகாட்டு நெறிகளை வகுத்தது.

இங்கு 'ஆலோசனை' என்ற சொல்லே குற்றக்கூண்டில் நிற்கிறது. கவுன்சலிங் என்று சொல்லித்தான் கேரளக் குடும்பங்கள் பிள்ளைகளை 'மாற்ற' அனுப்பி வந்தன. 2020இல் கேரள மாணவி ஒருவரின் மரணத்துக்குப் பின் இது வெளிச்சத்துக்கு வந்தது. 'குயரளா' அமைப்பு கேரள உயர்நீதிமன்றத்தை அணுகியது. 2022 ஆகஸ்டில் தேசிய மருத்துவ ஆணையம், மாற்றுச் சிகிச்சை தொழில்முறைத் தவறு என அறிவித்தது. மருத்துவரை அது கட்டும். போதை மீட்பு மையம் என்ற பெயர்ப்பலகைக்குப் பின்னால் அமர்ந்திருப்பவரையோ, வார இறுதியில் ஊருக்கு வரும் 'குடும்ப ஆலோசகரை'யோ கட்டாது. சமூகப்பணித் துறைகள் இந்த வெற்றிடத்தைத் தம் துறையின் ஒழுக்கச் சிக்கலாக இன்னும் எடுத்துக்கொள்ளவில்லை என்பது வருந்தத்தக்கது. இந்திய உளமருத்துவச் சங்கம் தன்பாலீர்ப்பு நோயன்று என 2018இலேயே சொல்லிவிட்டது. தம் முதுகலைப் பாடத்திட்டத்தில் அதே கருத்து எந்த அலகில், எத்தனை மணி நேரம் கற்பிக்கப்படுகிறது என்று ஒவ்வொரு சமூகப்பணித் துறையும் ஒருமுறை எண்ணிப் பார்க்கலாம்.

தீர்ப்புகளால் கிடைப்பது வெளியேறும் உரிமை. வெளியேறி எங்கே செல்வது என்பதற்கு வீடு வேண்டும். தேயிலைத் தோட்டத்தில் வீடு என்பது வேலையின் நிழல். லயத்தின் ஓர் அறை, தொழிலாளியின் பெயரில் இருக்கும். வேலை போனால் வீடும் போகும். 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் தொழிலாளியின் குடும்பம் என்று வகுத்தது கணவன் அல்லது மனைவி, பதினெட்டு வயது நிறையாத பிள்ளைகள், சார்ந்து வாழும் பெற்றோர் போன்ற உறவினரையே. இருபது ஆண்டுகள் ஒரே அறையில் வாழ்ந்த இரு பெண்களில் பெயர் பதிந்தவர் ஓய்வு பெற்றாலோ இறந்தாலோ மற்றவர் அந்த அறையில் யார்? 2020 ஆகஸ்ட் 6 இரவில் பெட்டிமுடி லயங்களின்மீது மலை சரிந்து 70 உயிர்கள் போயின. நிவாரணமும் இழப்பீடும் எங்கும் சட்டப்படியான வாரிசைத் தேடித்தான் செல்லும். வாரிசு என்ற சொல்லுக்குள் வராத துயரத்துக்கு அரசுக் கோப்பில் இடமில்லை. இந்த நிலையில் 2024இல் ஒன்றிய அரசு, பால்புதுமை இணையரை ஒரே குடும்ப அட்டைக்கு உரியவராகக் கருதுமாறு மாநிலங்களுக்கு அறிவுறுத்தியது, சிறிதாயினும் மெய்யான மாற்றம். மலைத்தோட்டத்தில் ரேஷன் அட்டை என்பது அரிசிக்கு மட்டுமானதன்று. 'இவர் இந்த வீட்டவர்' என்று எழுதப்பட்ட ஒரே தாள் பல வேளைகளில் அதுதான்.

வயதுவந்தோரின் நிலை இது. பதினெட்டு நிறையாதோரின் நிலை இதைவிடக் கடினமானது. வளர்ப்புக் குடும்பம் பற்றிய கேள்வி இங்கேதான் முளைக்கிறது. தோட்டப்பகுதியில் பதினாறு வயதுப் பெண் ஒருத்தியின் கடிதம் வீட்டில் பிடிபடுகிறது என்று வைத்துக்கொள்ளலாம். அடி விழுகிறது, பள்ளி நிற்கிறது, அவசரமாக மாப்பிள்ளை பார்க்கப்படுகிறது அல்லது போடியில் இருக்கும் அத்தை வீட்டுக்கு அனுப்பப்படுகிறாள். அவள் குழந்தைகள் நலக் குழுவின் முன் வந்தால், 2015ஆம் ஆண்டின் இளையோர் நீதிச் சட்டத்தின் கொள்கைகளுள் ஒன்று குடும்பத்துடன் மீளச் சேர்ப்பது. இன்னொன்று, நிறுவனத்தில் வைப்பதைக் கடைசி வழியாகக் கொள்வது. இரண்டும் நல்ல கொள்கைகளே. இவளுக்கோ முதல் கொள்கை அடித்த கையிடமே திருப்பி அனுப்புகிறது. இரண்டாவது கொள்கை, விடுதியின் கதவைக் காட்டத் தயங்குகிறது. இடையில் மூன்றாவது வீடு ஒன்று வேண்டும். அச்சட்டத்தின் 44ஆம் பிரிவு அந்த மூன்றாவது வீட்டுக்கு இடமளிக்கிறது.

அத்தகைய வீடு தமிழ் மரபுக்குப் புதிதன்று. அகப்பொருள் இலக்கணத்தில் 'அறத்தொடு நிற்றல்' என்றொரு துறை உண்டு. தலைவி தன் காதலை நேரே பெற்றோரிடம் சொல்வதில்லை. அவள் தோழியிடம் சொல்வாள்; தோழி செவிலியிடம்; செவிலி நற்றாயிடம்; நற்றாய் தந்தைக்கும் தமையர்க்கும். இந்த ஏணியில் செவிலி நிற்கும் படி கவனத்துக்குரியது. பெற்றவள் கேட்கும் முன் வளர்த்தவள் கேட்டாக வேண்டும். குடும்பத்தின் மானமும் பெண்ணின் மனமும் மோதும் இடத்தில், இரண்டுக்கும் உரியவளாய், ஆனால் எதற்கும் முழுமையாய்க் கட்டுப்படாதவளாய் ஒருத்தி நிற்கிறாள். அந்த இலக்கியம் ஆண் பெண் காதலையே பேசியது. அதைப் பிடித்திழுத்து இன்றைய வழக்குக்குச் சான்றாக்குவது முறையன்று. கவனிக்க வேண்டியது அதன் அமைப்பை. தன்னை வெளிப்படுத்துவது ஒரே நாளில், ஒரே வாக்கியத்தில் நிகழும் வீரச்செயல் என்று மேலைநாட்டு ஆய்வுகளின் வழியே பரவிய கருத்துக்கு மாறாக, அது பலர் தோள்கொடுக்க, படிப்படியாக, உறவுகளின் வழியே நடக்கும் செயல் என்ற புரிதல் இம்மொழியிலேயே இருக்கிறது. வளர்ப்புக் குடும்பத்துக்கான பயிற்சிக் கையேட்டைத் தமிழில் எழுத முற்படுவோர் இறக்குமதிச் சொற்களை அடுக்கும் முன் இதை எண்ணிப் பார்க்கலாம்.

மலைப்பகுதியில் வளர்ப்பு என்பது நடைமுறையிலும் பழகியதே. தாய் தந்தையர் கொழுந்து பறிக்க, பிள்ளைகள் சங்கரன்கோவில் பக்கத்திலோ தேனிப் பக்கத்திலோ பாட்டி வீட்டில் படித்து வளர்ந்த குடும்பங்கள் பல. யாரும் அதற்கு விண்ணப்பம் போட்டதில்லை. அதிகாரப்பூர்வமான வளர்ப்புப் பராமரிப்பு அந்த வழக்கத்தின் அருகே வந்து அமர வேண்டியிருக்கிறது.

இதே வீட்டைத் தன்பாலீர்ப்பினரே தர இயலுமா என்பது அடுத்த கேள்வி. தத்தெடுப்பில் வழி அடைபட்டிருக்கிறது. தத்தெடுப்பு ஒழுங்குமுறைகளின் 5(3) விதி, இணையராக விண்ணப்பிப்போர் குறைந்தது இரண்டாண்டு நிலையான மணவாழ்வு உடையவராக இருக்கக் கோருகிறது. 2022 ஜூனில் மத்தியத் தத்தெடுப்பு ஆணையம், மணமின்றிச் சேர்ந்து வாழும் தனியர்க்கும் குழந்தையைத் தருவதில்லை எனச் சுற்றறிக்கை விடுத்தது. 2023 அக்டோபர் 17 அன்று சுப்ரியோ வழக்கில் இவ்விதி மூன்றுக்கு இரண்டு என்ற கணக்கில் நிலைத்தது. தலைமை நீதிபதி சந்திரசூடும் நீதிபதி கௌலும் சிறுபான்மையாயினர். ஆனால் 2024இல் திருத்தி வெளியான மாதிரி வளர்ப்புப் பராமரிப்பு வழிகாட்டு நெறிகள், 35 முதல் 60 வயதுவரையுள்ள மணமாகாதோர், துணையை இழந்தோர், மணமுறிவு பெற்றோர் ஆகியோரும் குழந்தையை வளர்க்க இடமளித்தன. தனித்து வாழும் பெண் எப்பாலினக் குழந்தையையும் வளர்க்கலாம். தனித்து வாழும் ஆண் பெண் குழந்தையை வளர்க்க இயலாது. இரண்டாண்டுக்குப் பின் தத்தெடுக்கவும் வழியுண்டு.

இதை வெற்றி எனக் கொண்டாடுவோர் உள்ளனர். அரைக்கதவு திறந்திருக்கிறது என்பதே சரி. அக்கதவின் வழியே நுழையும் பெண், தன் இணையை வாசலில் நிறுத்திவிட்டு நுழைய வேண்டும். வீட்டாய்வுக்கு வரும் பணியாளர், 'உடன் வசிப்பவர்?' என்று கேட்பார். 'தோழி' என்ற விடை எழுதப்படும். பணியாளருக்கும் தெரியும், விண்ணப்பிப்பவருக்கும் தெரியும், குழந்தைக்கும் ஒருநாள் தெரியும். அறிக்கை மட்டும் அறியாது. முதற்பார்வைக்கு இது பரிவுள்ள மௌனம். ஆனால் வளர்ப்புப் பராமரிப்பின் அடித்தளமே வீட்டில் உள்ள ஒவ்வொருவரையும் அறிந்து மதிப்பிடுவது. அன்றாடம் குழந்தைக்குச் சோறூட்டப் போகும் ஒருவரை அறிக்கையிலிருந்து விலக்கினால், அது தன்பாலீர்ப்பினருக்கு இழைக்கும் அநீதி மட்டுமன்று. குழந்தையின் பாதுகாப்பில் விடும் ஓட்டையும்கூட. இந்தப் புள்ளியில், குழந்தையின் நலனை முன்வைத்து எதிர்ப்போரும் உரிமையை முன்வைத்து ஆதரிப்போரும் ஒரே கோரிக்கைக்கு வந்து சேர வேண்டும்: அறிக்கை உண்மையை எழுதத் தக்கதாக இருக்க வேண்டும்.

பிரிட்டன் இந்தப் பாதையில் முன்னரே நடந்திருக்கிறது. 1983இலேயே சூசன் கோலம்போக்கும் உடன் ஆய்வாளர்களும் தன்பாலீர்ப்புத் தாய்மாரின் 27 குடும்பங்களையும், ஆண்துணையின்றி வாழ்ந்த பிற தாய்மாரின் 27 குடும்பங்களையும் ஒப்பிட்டு, குழந்தைகளின் உளநலத்தில் தாயின் ஈர்ப்பு காரணமாகக் குறை எதுவும் இல்லை எனக் காட்டினர். எனினும் இணையராகத் தத்தெடுக்கும் உரிமை 2002ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழி, 2005இன் இறுதியில்தான் நடைமுறைக்கு வந்தது. சான்று கிடைத்த நாளுக்கும் சட்டம் மாறிய நாளுக்கும் இடையே இருபதாண்டுக்கு மேல். அந்த இடைக்காலத்தில் வளர்ப்புத் தாயராகவும் தந்தையராகவும் இருந்தவர்களின் சொற்களையே தொகுத்து ஸ்டீபன் ஹிக்ஸும் ஜேனட் மெக்டெர்மாட்டும் 1999இல் ஒரு நூல் வெளியிட்டனர். ஹிக்ஸ் அடுத்து எழுதிய கட்டுரை இன்னும் கூர்மையானது. வீட்டாய்வு செய்யும் பணியாளர்கள் 'நல்ல லெஸ்பியன்', 'கெட்ட லெஸ்பியன்' என்னும் இரு உருவங்களை மனத்தில் வைத்தே மதிப்பிடுகின்றனர் என்றார் அவர். அடக்கமானவர், அரசியல் பேசாதவர், வீட்டுக்கு ஆண் உறவினர் வந்துபோகிறார் என்று காட்டுபவர் நல்லவர். மற்றவர் ஐயத்துக்குரியவர். சிக்கல் அளவுகோலிலும் இருக்கிறது என்பதே அவர் கண்டது. கேரளத்தில் சட்டம் மாறும்வரை காத்திராமல் அளவுகோலை இப்போதே ஆராயத் தொடங்குவது நல்லது.

எதிர்ப்புகள் சில உண்டு. அவற்றுள் ஒன்று மட்டும் விடை வேண்டுவது. குழந்தையைச் சமூகப் பரிசோதனைக்கு ஆட்படுத்தலாமா என்று கேட்கப்படுகிறது. லயத்தில், தோப்பில், சிற்றூரில், 'அந்த வீட்டுப் பிள்ளை' என்னும் பேச்சைக் குழந்தைதான் சுமக்கும் என்பது பொய்யான அச்சமன்று. ஆனால் அந்தப் பேச்சு சாதி கடந்து மணந்தோரின் பிள்ளையையும், கணவன் இல்லாத பெண்ணின் பிள்ளையையும், பெற்றோர் இல்லாத பிள்ளையையும் இன்றும் சுடுகிறது. அவர்களிடமிருந்து பிள்ளையைப் பறிப்பதை எந்தப் பணியாளரும் தீர்வாக முன்மொழிவதில்லை. பள்ளியில் போய்ப் பேசுகிறார், அக்கம்பக்கத்தில் பேசுகிறார். அந்த வேலைக்குப் பெயர்தான் சமூகப்பணி. 'மலையில் அப்படிப்பட்டவர்கள் யாரும் இல்லை' என்னும் மற்றோர் எதிர்ப்புக்கு விடை தேவையில்லை. எண்ணிப் பார்க்காதவரின் கணக்கு அது.

களத்துக்குச் செல்லும் ஆய்வு மாணவர் எதிர்கொள்ளப் போகும் மெய்யான இடர் வேறு. சிறிய இடம். பாடநூல்கள் சொல்லும் முறைப்படி பெயரை மாற்றி, 'நாற்பத்தைந்து வயதுப் பெண், கொழுந்து பறிப்பவர், இன்னொரு பெண்ணுடன் வசிப்பவர், தேவிகுளம் வட்டம்' என்று எழுதினால் போதும். அந்த டிவிஷனில் உள்ள அனைவருக்கும் அவர் யாரென்று தெரிந்துவிடும். கொச்சியில் மறைப்பாக அமையும் விவரம் லயத்தில் முகவரியாகிவிடுகிறது. மொழிபெயர்ப்பாளரை உள்ளூரில் அமர்த்தினால், அவர் அநேகமாக அடுத்த வரிசையில் வசிப்பவர். வெளியூரிலிருந்து அழைத்து வந்தால், 'கார் வந்த வீடு' என்று மாலைக்குள் பேச்சாகும். ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து வாங்குவதுகூட இங்குப் பாதுகாப்பன்று. அந்தத் தாளே சான்றாகிவிடும். குடும்பஸ்ரீயின் 'ஸ்நேகிதா' உதவி மையம் போன்று, பெண்கள் பல காரணங்களுக்காக வந்துபோகும் பொதுவான இடத்தில் உரையாடுவது, பல ஊர்களின் தரவை ஒன்றாகக் கலந்து எழுதுவது, சிலவற்றை எழுதாமலே விடுவது என்னும் வழிகளை எண்ண வேண்டும். எழுதாமல் விட்டதால் ஒரு கட்டுரை குறையலாம். அந்தக் குறையை ஆய்வு நெறியாளர்களும் ஏற்கப் பழக வேண்டும். இதழில் வெளிவந்த எண்ணிக்கையால் மாணவரை அளக்கும் வழக்கம் இங்கே ஒருவரது வீட்டைப் பறிக்கக்கூடும்.

சொல்லின் சிக்கலை ஆய்வாளர் தனியே தீர்த்துவிட முடியாது. 2025 மே மாதம் சென்னை உயர்நீதிமன்றத்தில், வேலூர்ப் பகுதிப் பெண் ஒருவரின் ஆட்கொணர்வு வழக்கில், நீதிபதிகள் ஜி. ஆர். சுவாமிநாதனும் வி. லட்சுமிநாராயணனும் குடும்பம் அமைக்கத் திருமணம் ஒன்றே வழியன்று என்று எழுதினர். அதே தீர்ப்பில், 'குயர்' என்ற சொல்லை ஆள்வதில் தமக்குள்ள தயக்கத்தையும் பதிவு செய்தனர்: அகராதி அதற்கு விசித்திரம் என்று பொருள் தருகிறது, தன்பாலீர்ப்பு உடைய ஒருவருக்குத் தம் ஈர்ப்பு இயல்பானதுதானே, அவரை ஏன் விசித்திரம் என்பது? வசைச்சொல்லையே கொடியாக ஏந்திய வரலாறு அச்சொல்லுக்கு உண்டு என்று இயக்கத்தினர் விடை சொல்வர். இருவர் தரப்பிலும் நியாயம் இருக்கிறது. கவனிக்க வேண்டியது, அந்த விவாதம் முழுவதும் ஆங்கிலச் சொல் ஒன்றைப் பற்றியது என்பது. வேலூர்ப் பெண் தம் இணையை வீட்டில் எச்சொல்லால் அழைத்திருப்பார் என்பது தீர்ப்பில் இல்லை. இருக்க வேண்டியதும் இல்லை. ஆய்வில் இருக்க வேண்டும்.

தென்மாவட்டங்களிலிருந்து மலையேறிய பேச்சுத்தமிழில் 'சேக்காளி' என்ற சொல் உண்டு, 'கூட்டாளி' உண்டு. இச்சொற்கள் எங்கெங்கே வெறும் நட்பையும், எங்கெங்கே அதற்கு மேற்பட்டதையும் குறிக்கின்றன, யார் முன்னிலையில் எது சொல்லப்படுகிறது என்று எவரேனும் பொறுமையாகக் கேட்டுக் குறிப்பெடுத்தால், வினாப்பட்டியலின் முதற்பக்கம் தானே உருவாகும். அதன்பின் வீட்டாய்வுப் படிவத்துக்கு வரலாம். சட்டப்படி அது சித்தூரிலும் தேவிகுளத்திலும் தமிழில் கிடைக்க வேண்டும். அதில் 'விண்ணப்பதாரருடன் உறவுமுறை' என்றொரு கட்டம் இருக்கும். அந்தக் கட்டத்தில் இப்போது எழுத இயல்வது தாய், தந்தை, கணவர், மனைவி, மகன், மகள், 'பிறர்'.